3:130 "பன்மடங்கு வட்டி": வசனத்தின் வரலாற்றுப் பின்னணியை எதுவரை எடுத்துக்கொள்வது?

பவானிக்கூடல் (ஈரோடு):

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற நண்பர்களுக்கு வணக்கமுங்க.

மஞ்சள் மண்டி, ஜவுளிச் சந்தைப் பக்கம் ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுதுங்க. திருக்குர்ஆன் 3:130 (3ஆவது அத்தியாயம், 130ஆவது வசனம்) "இரட்டித்துப் பன்மடங்காக வட்டி உண்ணாதீர்கள்" என்கிறது. அன்றைக்கு அரபு நாட்டில் நடந்தது கடனாளியின் குடும்பத்தையே அழிக்கிற வட்டி, தடுத்தது அதைத்தான், வருஷம் 9, 10 சதவீதம் வாங்குகிற வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, "வரலாற்றுப் பின்னணியோடு படிக்கணும்" என்கிறார்கள். இணைவைப்போரைக் கண்ட இடத்தில் கொல்லச் சொல்லும் 9:5 பற்றிக் கேட்டாலும் பின்னணியைப் பார் என்று பதில் வருது. ஆனால் 4:3, நான்கு திருமணம் என்று வந்தால் மட்டும் பின்னணி எதற்கு, வசனமே தெளிவாக இருக்கே என்கிறார்கள்.

பின்னணியைப் பயன்படுத்த முறை ஏதாவது உண்டா, இல்லை அவரவர் தேவைக்கு எடுத்துக்கொள்வதா? பொதுவாகப் பேசாமல் வசன எண், நூல் பெயரோடு சொன்னால் நல்லதுங்க.

அமராவதி (தாராபுரம்):

வஅலைக்குமுஸ் ஸலாம். முறை உண்டுங்க. அதற்கு "அஸ்பாபுன் நுஸூல்", அதாவது வசனங்கள் இறங்கிய காரணங்கள் என்று தனித் துறையே இருக்கு. விதியைச் சொல்வதற்கு முன்னால் ஒரு உதாரணம் பார்க்கலாம். பின்னணி இல்லாவிட்டால் என்ன தப்பு நடக்கும் என்பதற்கு இதைவிடச் சரியான உதாரணம் வேறு இல்லை.

2:158. ஸஃபா, மர்வா குன்றுகள் அல்லாஹ்வின் சின்னங்கள். ஹஜ்ஜோ உம்ராவோ செய்பவர் அவற்றைச் சுற்றி வருவதில் "குற்றம் இல்லை" என்கிறது வசனம். குற்றம் இல்லை என்றால் செய்தாலும் சரி, விட்டாலும் சரி என்றுதானே படிக்கத் தோன்றும்? உர்வா அப்படித்தான் படித்தார். தன் சிற்றன்னையும் நபியின் மனைவியுமான ஆயிஷா (ரலி) அவர்களிடமே கேட்டார். நீ சொல்கிற பொருள் வேண்டுமானால் "சுற்றாமல் விடுவதில் குற்றம் இல்லை" என்று இறங்கியிருக்கும் என்று அவர்கள் முதலில் வாசகத்தைச் சுட்டிக்காட்டுகிறார்கள். அதற்கு அப்புறம்தான் பின்னணி. இஸ்லாத்துக்கு முன் மதீனாவின் அன்ஸாரிகள் முஷல்லல் என்ற இடத்தில் இருந்த மனாத் சிலைக்காக இஹ்ராம் (யாத்திரை விரதம்) கட்டினார்கள்; ஸஃபா-மர்வா பக்கம் போவதைத் தவிர்த்தார்கள். முஸ்லிமான பிறகும் அந்தத் தயக்கம் இருந்தது. அதை நீக்கத்தான் "குற்றம் இல்லை". புகாரி என்ற ஹதீஸ் (நபிவழிச் செய்தி) தொகுப்பில் இருக்கிற செய்தி இது.

இதில் பின்னணி என்ன வேலை செய்தது என்று கவனியுங்க. ஒரு கடமையை ரத்து செய்யவில்லை, புதிதாக ஒன்றை உண்டாக்கவும் இல்லை. எந்தக் கேள்விக்கு இது பதில் என்று காட்டியது, அவ்வளவுதான்.

இனி விதி. "அல்இப்ரத்து பிஉமூமில் லஃப்ளி, லா பிகுஸூஸிஸ் ஸபப்". வாசகம் பொதுவாக இருந்தால் சட்டமும் பொது. வசனம் இறங்கக் காரணமான ஆளோடு முடிந்துவிடாது. 58ஆவது அத்தியாயத்தின் தொடக்கம் கவ்லா பின்த் ஸஅலபா என்ற பெண்ணின் முறையீட்டுக்காக இறங்கியது. ஆனால் மனைவியை "நீ என் தாயின் முதுகு போல" என்று சொல்லி ஒதுக்கும் எந்தக் கணவனுக்கும் அந்தப் பரிகாரம்தான். இந்த விதியை மறந்துவிட்டு "அது அந்தக் காலம்" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் கையில் ஒரு சட்டமும் மிஞ்சாது.

நொய்யல் (திருப்பூர்):

நான் முஸ்லிம் இல்லீங்க, வரலாறு சொல்லிக்கொடுக்கிறவன். மரியாதையோடு ஒரு கேள்வி. கோயில் கல்வெட்டில் ஆட்சியாண்டு அதே கல்லில் இருக்கும். படிக்கிறவன் வெளியே தேட வேண்டியதில்லை. குர்ஆனில் வசனத்தோடு தேதியும் இடமும் இல்லை. பின்னணி வேறு நூல்களிலிருந்து வருது. நபியின் வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக் ஹிஜ்ரி 150 வாக்கில் காலமானவர். அஸ்பாப் நூல்களில் பேர்போன வாஹிதீயின் நூலோ அதற்கும் பின்னால், அவர் இறந்தது ஹிஜ்ரி 468. வசனத்தைப் புரியவைக்கப் பிற்காலத்தில் சொல்லப்பட்ட கதைகளும் இதில் கலந்திருக்கும் என்று மேற்கத்திய ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். உங்கள் பக்கம் இதை எப்படிச் சோதிக்கிறீங்க? பர்மிங்காமில் இருக்கும் பழைய குர்ஆன் தோல் ஏட்டைக் காட்டிப் பதில் சொல்லாதீங்க. அந்தத் தோலின் காலம் 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்று கார்பன் சோதனை சொல்வது வாசகத்தின் பழமைக்குத்தான் ஆதாரம், பின்னணிக்கு இல்லை.

சிறுவாணி (கோவை):

நொய்யல் ஐயா, கேள்வி நியாயமானது. பர்மிங்காம் ஏடு பற்றி நீங்க சொன்னதும் சரி.

வாஹிதீயே தன் நூலின் முன்னுரையில், வசனம் இறங்கியதை நேரில் கண்டவர்களிடமிருந்து கேட்ட அறிவிப்பு இல்லாமல் இந்தத் துறையில் பேசுவது கூடாது என்கிறார். அப்படிச் சொன்னவரின் நூலிலேயே பலவீனமான செய்திகள் நிறைய. குர்ஆன் துறை அறிஞர் ஸுயூத்தீ (இறப்பு ஹிஜ்ரி 911) அவரை ஒரு இடத்தில் நேராகவே மறுக்கிறார். மக்கா மேல் யானைப் படை வந்த சம்பவத்தை 105ஆவது அத்தியாயத்தின் "காரணம்" என்று வாஹிதீ சேர்த்துவிட்டார். அது நபி (ஸல்) அவர்களுக்கு வஹீ (இறைச்செய்தி) வருவதற்கு முன் நடந்த வரலாறு, வசனம் அதைப் பற்றிப் பேசுகிறது என்பதற்காக அதுவே இறங்கிய காரணம் ஆகிவிடாது என்கிறார். வசனத்தின் பேசுபொருள் வேறு, காரணம் வேறு.

சோதிக்கும் முறை இதுதானுங்க. முதலில் அறிவிப்பின் வாசகத்தைப் பார்க்கணும். "இன்னது நடந்தது, அப்போது இந்த வசனம் இறங்கியது" என்று இருந்தால் அது நேரான காரணம். "இந்த வசனம் இன்ன விஷயத்தில் இறங்கியது" என்று மட்டும் இருந்தால் அதற்கு இரண்டு பொருள் உண்டு: உண்மையிலேயே காரணமாக இருக்கலாம், அல்லது "இந்த வசனம் இதற்கும் பொருந்தும்" என்ற விளக்கமாக இருக்கலாம். ஷாஹ் வலியுல்லாஹ் என்ற அறிஞர் தன் அல்ஃபவ்ஸுல் கபீர் நூலில் இதை அழுத்தமாகச் சொல்கிறார். ஒரே வசனத்துக்கு ஐந்தாறு காரணங்கள் தஃப்ஸீர்களில் (குர்ஆன் விளக்கவுரைகளில்) அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், அதில் பெரும்பங்கு இந்த இரண்டாம் வகை.

அடுத்தது ஸனத், அதாவது அறிவிப்பாளர் வரிசை. சொன்னவர் நபித்தோழரா, அவருக்கு அடுத்த தலைமுறையா? தோழர் நேரான காரணம் சொன்னால் நபிவழிச் செய்தியின் தரத்தில் வைப்பார்கள். முஜாஹித், இக்ரிமா, ஸயீத் பின் ஜுபைர் போன்ற அடுத்த தலைமுறையினர் சொன்னால் வேறு அறிவிப்பு துணை நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு நல்ல அறிவிப்புகள் மோதினால், ஒரே காலத்தில் இரண்டு சம்பவம் நடந்திருக்க இடமுண்டா என்று பார்ப்பார்கள். மனைவி மேல் பழி சொல்லும் கணவன் சத்தியம் செய்வது பற்றிய 24:6 லிஆன் வசனத்துக்கு ஹிலால் பின் உமய்யா சம்பவமும் உவைமிர் சம்பவமும் புகாரியிலேயே இருக்கு. இரண்டுமே காரணமாக இருக்கலாம் என்று ஏற்றவர்கள் உண்டு. அப்படிச் சேர்க்க முடியாவிட்டால் நேரில் இருந்தவர் சொன்னதற்கு முன்னுரிமை. 17:85 ரூஹ் (ஆன்மா) வசனம் மதீனாவில் யூதர்கள் கேட்டபோது வந்தது என்று உடன் இருந்த இப்னு மஸ்ஊத் (ரலி) சொல்வது புகாரியில். மக்காவில் குறைஷியர் கேட்டது என்று இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வருவது திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்பில். பலர் முதலாவதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அவர் அங்கே இருந்தார் என்பதுதான். இரண்டாவதை முற்படுத்தியவர்களும், இருமுறை இறங்கியது என்றவர்களும் இருக்காங்க.

இந்தச் சோதனையை விட்டால் என்ன ஆகும்? 9:75-க்கு ஸஅலபா பின் ஹாத்திப் கதை பயான்களில் (மார்க்க உரைகளில்) இன்றும் ஓடுது. ஏழையாக இருந்தார், துஆ கேட்டு ஆடு பெருகியது, ஜகாத் கொடுக்க மறுத்தார் என்று. அதன் ஸனதில் அலீ பின் யஸீத் அல்அல்ஹானீ என்ற பலவீனமானவர் இருக்கிறார். இப்னு ஹஸ்ம், பைஹகீ, இப்னு ஹஜர் எல்லாரும் அந்தக் கதையைத் தள்ளியிருக்கிறார்கள். ஸஅலபாவோ பத்ர் போரில் கலந்துகொண்டவர் பட்டியலில் வருகிறவர். ஆதாரமில்லாத பின்னணி ஒரு நபித்தோழரை முனாஃபிக் (நயவஞ்சகர்) ஆக்கிவிடுகிறது. பள்ளிவாசல் மிம்பர் மேடையில் நின்று அதைச் சொல்வது பெரிய அநியாயம்.

இன்னொன்று, பெரும்பாலான வசனங்களுக்குத் தனிக் காரணம் என்று எதுவும் அறிவிக்கப்படவே இல்லை. அங்கே காரணம் தேடி அலையக் கூடாது.

பவானிக்கூடல்:

ஜஸாகல்லாஹ். அப்படீன்னா 3:130-க்கு இந்த முறையைப் போட்டுப் பாருங்க. அன்றைய வட்டி எப்படிப்பட்டது என்பதற்கு ஆதாரம் என்ன?

சிறுவாணி:

இரண்டு சித்திரங்கள் இருக்குங்க. வாதம் முழுவதும் எதை எடுக்கிறோம் என்பதில்தான் சிக்கியிருக்கு.

ஒன்று, இமாம் மாலிக்கின் ஹதீஸ் நூலான முவத்தாவில் ஸைத் பின் அஸ்லம் சொல்வது: தவணை வந்ததும் கடன் கொடுத்தவன் "அடைக்கிறாயா, கூட்டுகிறாயா?" என்று கேட்பான், அடைக்க முடியாதவன் தொகையைக் கூட்டித் தவணை வாங்குவான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் வட்டியை அசலில் சேர்த்து நோட்டைப் புதுசாக எழுதுவது. மாதம் 3 வட்டிக்கு வாங்கி, கட்டாமல் மாதாமாதம் அசலோடு சேர்த்தால் 24 மாதத்தில் கடன் இரட்டிப்பு. "இரட்டித்துப் பன்மடங்காக" என்பது இதைத்தான் வர்ணிக்கிறது.

இரண்டாவது, ஹனஃபீ இமாம் ஜஸ்ஸாஸ் (இறப்பு ஹிஜ்ரி 370) தன் அஹ்காமுல் குர்ஆனில் சொல்வது: திர்ஹமையும் தீனாரையும் தவணைக்குக் கடன் கொடுத்து, இவ்வளவு கூடுதல் என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்வதுதான் அரபிகள் அறிந்த ரிபா (வட்டி). இதில் இரட்டிப்பு நிபந்தனை இல்லை. 9,000 கையில் கொடுத்து நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிக்கும் தண்டல் இந்தச் சித்திரத்தில் அப்படியே விழும். முதல் சித்திரத்தில் விழாது, ஏனென்றால் தவணை நீட்டிப்பு அங்கே இல்லை.

"பின்னணியைப் பார்" என்கிறவர் முதல் சித்திரத்தை மட்டும் பார்க்கிறார். சரி, இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு வசனங்களின் கால வரிசைக்கு வாங்க. 3:130 உஹதுப் போர் (ஹிஜ்ரி 3) பற்றிப் பேசும் வசனங்களுக்கு நடுவே இருக்கு. 2:275 முதல் 279 வரை இருப்பது கடைசிக் காலத்தது; வட்டி வசனம்தான் கடைசியாக இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொல்வது புகாரியில் இருக்கு. அந்த 2:279 "அசல் தொகை உங்களுக்கு, நீங்களும் அநீதி செய்யாதீர்கள், உங்களுக்கும் அநீதி செய்யப்படாது" என்கிறது. உரியது அசல் மட்டும் என்று எல்லை போட்ட பிறகு, முந்தைய வசனத்தின் "பன்மடங்கு" என்ற வர்ணனையைப் பிடித்துக்கொண்டு ஒருமடங்குக்கு அனுமதி எடுக்க வழியில்லை. ஹிஜ்ரி 10இல் இறுதி ஹஜ் உரையில், தான் ரத்து செய்யும் முதல் வட்டி தன் சிறிய தந்தை அப்பாஸுக்கு வரவேண்டியது என்று நபி (ஸல்) அறிவித்தது முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கு. இவ்வளவு வரைக்கும் தள்ளுபடி என்று அங்கே விகிதம் எதுவும் பேசப்படவில்லை.

ஆக 3:130 விஷயத்தில் பின்னணியை முழுசாக எடுத்தால் அந்த வாதம் நிற்காது. பாதி எடுத்தால்தான் நிற்கும்.

ஆழியாறு (பொள்ளாச்சி):

சிறுவாணி அண்ணா, எதிர்த்தரப்பையும் அதன் பலத்தோடு வைக்கணும்ங்க. பாகிஸ்தான் அறிஞர் ஃபஸ்லுர் ரஹ்மான் (1919–1988) 1964இல் எழுதிய ரிபா கட்டுரை வெறும் வசதிக்காக எழுதப்பட்டது இல்லை. வசனம் இறங்கிய சூழலுக்குப் போய் அங்கே எந்த அநியாயத்தைத் தடுத்தது என்று பொதுக் கோட்பாட்டை எடு, பிறகு இன்றைய சூழலுக்கு வந்து அதே கோட்பாட்டைப் பொருத்து என்று இரண்டு கட்ட முறையைப் பின்னால் விரிவாக வைத்தவர் அவர். 2:279 "அநீதி" என்று காரணத்தையே சொல்லிவிட்டது. ரிசர்வ் வங்கிக் கட்டுப்பாட்டில் ஒரு சிறு விசைத்தறிக்காரர் வாங்கும் கடனும், தமிழ்நாடு 2003இல் சட்டம் போட்டுத் தடுத்த கந்துவட்டியும் அநீதியில் ஒன்றா? பணவீக்கத்தில் அசலின் மதிப்பே கரைகிறதே, அதுவும் கடன் கொடுத்தவனுக்கு அநீதிதானே?

அமராவதி:

தம்பி, கேள்வியின் கனத்தை நான் குறைக்கலை. பாகிஸ்தானில் ஃபெடரல் ஷரீஅத் நீதிமன்றம் 1991இலும் உச்ச நீதிமன்றத்தின் ஷரீஅத் அமர்வு 1999இலும் வங்கி வட்டியும் ரிபாதான் என்று தீர்ப்பளித்தன. அந்த வழக்கு அதற்குப் பிறகும் 2022 வரை போனது. லேசான விஷயமாக இருந்தால் இவ்வளவு தூரம் இழுத்திருக்காது.

ஆனால் உஸூலில் (சட்டம் எடுக்கும் முறையியலில்) ஒரு பிரிவு இருக்கு. இல்லத் வேறு, ஹிக்மத் வேறு. இல்லத் என்பது கண்ணுக்குத் தெரிகிற, அளந்து சொல்லக்கூடிய அடையாளம். சட்டம் அதோடு கட்டப்பட்டிருக்கும். ஹிக்மத் என்பது அதனால் கிடைக்கும் நன்மை. வட்டியில் இல்லத், கடனுக்கு மேல் பேசப்பட்ட கூடுதல். அநீதியைத் தடுப்பது ஹிக்மத். பயணத்தில் தொழுகையைச் சுருக்க இல்லத் பயணம், ஹிக்மத் சிரமம் குறைவது. ரயிலில் ஏ.சி. பெட்டியில் சென்னைக்குப் போகிறவருக்குச் சிரமம் இல்லை என்று சலுகையை யாரும் பறிப்பதில்லையே.

அந்தப் பயணத் தொழுகை வசனமே இங்கே நேரடிச் சான்று. 4:101 "நிராகரிப்போர் உங்களைத் துன்புறுத்துவார்கள் என்று அஞ்சினால்" சுருக்கிக்கொள்ளுங்கள் என்கிறது. பயம் போய் நாடு அமைதியான பிறகு யஅலா பின் உமய்யா, இப்போது ஏன் சுருக்குகிறோம் என்று உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார். எனக்கும் அதே வியப்பு வந்தது, நபியிடம் கேட்டேன், "அது அல்லாஹ் உங்களுக்குத் தந்த தர்மம், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றார்கள் என்றார் உமர். முஸ்லிம் தொகுப்பில் உள்ள செய்தி. வசனத்துக்குள்ளேயே நிபந்தனை போலச் சொல்லப்பட்ட வரலாற்றுச் சூழல் மறைந்தது, சட்டம் நின்றது. "பயந்தால்" என்பது அன்றைய நிலையின் வர்ணனை என்றால், "பன்மடங்காக" என்பதும் அப்படியே.

மறுபக்கமும் சொல்லியாகணும். சூழல் மாறியதும் சட்டத்தை நிறுத்தி வைத்ததும் பின்னால் கலீஃபா (ஆட்சித் தலைவர்) ஆன அதே உமர்தான். 9:60 ஜகாத் பெறுவோரில் "உள்ளங்கள் ஈர்க்கப்பட வேண்டியவர்கள்" என்று ஒரு பிரிவு. உயைனா, அக்ரஉ என்ற கோத்திரத் தலைவர்களுக்கு அதை நிறுத்தினார், இஸ்லாம் இப்போது பலம் பெற்றுவிட்டது என்று சொல்லி. நம் கொங்குப் பக்க ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபீ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) அந்தப் பங்கு விழுந்துவிட்டது என்பதே நிலைப்பாடு. தேவை வந்தால் கொடுக்கலாம் என்று சொல்லும் இமாம்களும் உண்டு. பஞ்ச ஆண்டில் (ஹிஜ்ரி 18) திருட்டுக்குக் கை வெட்டவில்லை என்பதும் தெரிந்ததே. அங்கே நடந்தது என்ன? சட்டம் யாருக்கு என்று சொல்லும் வர்ணனை அந்த ஆளிடம் இல்லாமல் போனது. சட்டம் பழசாகிவிட்டது என்று அவர் சொல்லலை. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு இல்லை இது, ஒவ்வொரு வழக்கிலும் எடுத்துக்காட்ட முடியும்.

பணவீக்கக் கேள்விக்கு இன்றைய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) சபைகளிலேயே ஒரே பதில் இல்லை. அதை ஒத்துக்கிறேன்.

நொய்யல்:

இந்த இல்லத்-ஹிக்மத் பிரிவு நீதிமன்றத்தில் சட்டத்தின் வாசகத்தையும் நோக்கத்தையும் பிரிப்பது போலவே இருக்குங்க. சரி, 9:5? வாட்ஸ்ஆப்பில் தனி வரியாகச் சுற்றுகிற வசனம் அதுதான்.

சிறுவாணி:

9:5 தனி வரி இல்லைங்க. 9:1 ஒப்பந்த முறிவு அறிவிப்பு. 9:2 நான்கு மாத அவகாசம். 9:4 ஒப்பந்தத்தைக் காப்பாற்றியவர்களுக்கு அதன் கெடு முடியும்வரை விலக்கு. 9:6 இணைவைப்போரில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடு, அல்லாஹ்வின் வார்த்தையைக் கேட்கட்டும், பிறகு அவரைப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர் என்கிறது. அடுத்த வரியிலேயே அடைக்கலம் கொடுக்கச் சொல்லும் பகுதியை "கண்ட இடத்தில் கொல்" என்ற பொதுக் கட்டளையாகப் படிக்க முடியாது. இதற்கு வெளி நூல் எதுவும் வேண்டாம். முன்னால் நான்கு, பின்னால் பத்து வசனம் படித்தால் போதும்.

வெளிப் பின்னணி: மக்காவின் குறைஷியரோடு செய்த ஹுதைபிய்யா உடன்படிக்கை ஹிஜ்ரி 6, பத்தாண்டு போர் நிறுத்தம். குறைஷியரின் கூட்டாளி பனூ பக்ர், முஸ்லிம்களின் கூட்டாளி குஸாஆவைத் தாக்கியது, குறைஷியர் உதவினார்கள். ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றி. ஹிஜ்ரி 9 ஹஜ்ஜில் அபூபக்ர் (ரலி) தலைமை, அலீ (ரலி) இந்த அறிவிப்பை மக்கள் முன் ஓதினார். ஒரு நுணுக்கம்: 9:13 "தூதரை வெளியேற்ற நாடியவர்கள், முதலில் தொடங்கியவர்கள்" என்கிறது. அது குறைஷியருக்குப் பொருந்தும். ஆனால் ஹிஜ்ரி 9இல் மக்கா ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. அதனால் இந்தப் பகுதி முழுதும் ஒரே நேரத்தில் இறங்கியதா என்பதில் முஃபஸ்ஸிர்களிடம் (குர்ஆன் விளக்கவுரையாளர்களிடம்) கருத்து வேறுபாடு இருக்கு. தேதியை நூறு சதவீதம் உறுதி என்று வாதாடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

9:5 தனக்கு முந்தைய 124 வசனங்களின் சட்டத்தை ரத்து செய்துவிட்டது என்று எழுதியவர்கள் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதை எல்லாரும் ஏற்கவில்லை. ஸுயூத்தீ குர்ஆன் முழுவதிலும் இப்படிச் சட்டம் ரத்தான வசனங்களைச் சுமார் 20 ஆகக் குறைத்தார். ஷாஹ் வலியுல்லாஹ் 5 ஆக்கினார். பொறுமை வசனங்கள் ரத்தாகவில்லை, அந்த நிலை திரும்பும்போது அவையும் நடைமுறைக்கு வரும் என்பது ஸர்கஷீ (இறப்பு ஹிஜ்ரி 794) என்ற அறிஞரின் கருத்து. நம்மோடு சண்டையிடாதவர்களுக்கு நன்மை செய்வதைத் தடுக்காத 60:8, இணைவைப்பில் இருந்த தாயைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அஸ்மா (ரலி) கேட்ட விஷயத்தில் இறங்கியது என்று அறிவிப்பாளர் இப்னு உயைனா சொல்லும் குறிப்பு புகாரியில் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரரோடு எப்படி இருப்பது என்று கேட்கிறவருக்கு நான் காட்டும் வசனம் அதுதானுங்க.

ஆழியாறு:

4:3 விட்டுப்போச்சு. உஹதில் 70 பேர் இறந்தார்கள், விதவைகளைக் காப்பாற்ற வந்த தற்காலிக அனுமதி என்றுதானே எல்லாரும் எழுதுறாங்க?

அமராவதி:

எழுதுறாங்க. ஆனால் புகாரியில் ஆயிஷா (ரலி) சொல்வதில் உஹதும் இல்லை, விதவையும் இல்லை. ஒருவரின் பொறுப்பில் சொத்துள்ள அநாதைப் பெண். அவள் அழகுக்கும் சொத்துக்கும் ஆசைப்பட்டு, உரிய மஹர் (மணக்கொடை) கொடுக்காமல் அவளையே மணக்கப் பார்க்கிறார் பாதுகாவலர். அவளுக்கு நீதி செய்ய முடியாது என்று அஞ்சினால் வேறு பெண்களை மணந்துகொள்ளுங்கள் என்பது வசனம். 4:127 அதே விஷயத்துக்குத் திரும்பி வருது. உஹது என்பது காலத்தை வைத்துப் பிற்காலத்தவர் செய்த ஊகம். தப்பு என்று சொல்லலை, ஆனால் அறிவிப்புக்குச் சமமாக வைக்கக் கூடாது.

உண்மையான பின்னணி ஊகத்தைவிடக் கடுமையாகப் பேசுது. பெண்ணின் சொத்தை ஆண் விழுங்குவதைத் தடுக்க வந்த வசனம் அது. நீதி செலுத்த முடியாது என்று அஞ்சினால் ஒருத்தி மட்டும் என்று அதே வசனம் முடியுது. அதை இரண்டாம் திருமணத்துக்கு அழைப்பிதழாகப் படிக்கிறவர் வசனம் யாரைக் காப்பாற்ற வந்தது என்பதையே மறந்துவிட்டார். பவானிக்கூடல் அண்ணன் முதலில் சொன்ன குறை சரி, பின்னணி மிக அவசியமான இடத்தில்தான் அதைக் கேட்க ஆளில்லை.

பவானிக்கூடல்:

அரபு தெரியாமல் தமிழாக்கம் மட்டும் வைத்திருக்கிறவர் என்ன செய்யலாம்? அத்தியாய வரிசையைப் பார்த்து எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல முடியுமாங்க?

சிறுவாணி:

முடியாது. முதலில் இறங்கிய ஐந்து வசனங்கள் 96ஆவது அத்தியாயத்தில் இருக்கு. ஒரே அத்தியாயத்துக்குள்ளும் அப்படித்தான்: கணவனை இழந்தவளுக்கு 2:234 நான்கு மாதம் பத்து நாள் என்கிறது, 2:240 ஒரு வருடம் என்கிறது. பெரும்பான்மைக் கருத்தில் எண்ணில் முந்தியதுதான் காலத்தில் பிந்தியது. இப்னு ஸுபைர் இதைக் கேட்டபோது, எதையும் அதன் இடத்திலிருந்து நகர்த்த மாட்டேன் என்றார் குர்ஆன் பிரதிகளை எழுதவைத்த கலீஃபா உஸ்மான் (ரலி). மக்கீ (மக்கா காலத்தது), மதனீ (மதீனா காலத்தது) என்பதற்கும் ஊர் அளவுகோல் இல்லை, நபி மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஹிஜ்ரத் (622) தான். 5:3 மக்கா பக்கம் அரஃபாத்தில் இறங்கியும் மதனீ.

தமிழாக்கத்தில் இன்னொரு கவனம் வேணும். அடைப்புக்குறிக்குள் இருப்பது மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது. "நபியே", "போரில்", "யூதர்களில்" என்று பின்னணி அங்கேதான் நுழையும். முதலில் அடைப்புக்குறியை விட்டுவிட்டு வசனத்தை ஒருமுறை படியுங்க. பிறகு முன்னும் பின்னும் பத்து வசனம். பிறகு அதே விஷயம் பேசும் மற்ற வசனங்கள். அதற்கு அப்புறம்தான் காரணம் பற்றிய அறிவிப்பு, அதுவும் எந்த நூல், யார் சொன்னது என்று கேட்டு. பலர் கடைசிப் படியில் ஆரம்பிக்கிறார்கள். கதை மனசில் பதிந்துவிட்டால் வசனத்தில் இல்லாததும் இருப்பதாகத் தெரியும்.

ஆழியாறு:

கடைசியா ஒண்ணு. 2:282 கடனை எழுதச் சொல்லுது. இங்கே தோப்புக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு நாலு மாசம் கழிச்சு தேங்காய் எடுப்பது இதில் வருமா?

அமராவதி:

வருது. அந்த வசனம் ஸலம், அதாவது முன்பணம் கொடுத்துப் பிறகு சரக்கு எடுக்கும் வியாபாரம் பற்றி இறங்கியது என்றே இப்னு அப்பாஸ் (ரலி) சொல்லியிருக்கார். மதீனாவில் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அளவு, எடை, தவணை மூன்றும் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள் நபி (ஸல்). ஆனால் வாசகம் "தவணைக் கடன்" என்று பொது, அதனால் எல்லாத் தவணைக் கடனுக்கும் எடுத்தார்கள். எழுதுவது கட்டாயம் என்றவர்கள் விளக்கவுரையாளர் தபரீயும், வாசகத்தின் நேர்ப்பொருளையே எடுக்கும் ளாஹிரீகளும். மற்றவர்கள், ஒருவரை ஒருவர் நம்பினால் என்று பேசும் 2:283-ஐ வைத்து விரும்பத்தக்கது என்கிறார்கள்.

உங்க வியாபாரத்தில் கவனிக்க வேண்டியது: பணம் முழுதும் பேசிய இடத்திலேயே கை மாறணும். எத்தனை காய், என்ன அளவுக் காய், மட்டை உரித்ததா, எந்த மாதம், எங்கே ஒப்படைப்பு என்று எழுதணும். "இன்னார் தோப்பு, அதில் விழுகிற காய்" என்று ஒரே தோப்போடு கட்டினால் ஸலம் கூடாது. அந்தத் தோப்பு அந்தப் போகம் காய்க்காமல் போகலாம். காய் கொடுக்க முடியாவிட்டால் கொடுத்த முன்பணத்தை மட்டும் திருப்பி வாங்கலாம், அதற்கு மேல் ஒரு ரூபாய் சேர்த்தாலும் மேலே பேசிய 2:279-க்கு வந்துவிடுவோம்ங்க.